மெதுவா என்றொரு குதிரை

அந்தக் குதிரைக்கு முதலில் வேறு ஏதோ பெயர் இருந்தது. பந்தயக் குதிரைகளுக்கு வைப்பதுபோல நீளமான, கம்பீரமான பெயர். சிறப்புக் குழந்தைகள் மையத்துக்கு வந்த முதல் வாரத்திலேயே அந்தப் பெயர் காணாமல் போய்விட்டது. முதுகில் ஏற்றி உட்கார வைத்ததும் ஒவ்வொரு குழந்தையும் பயத்தில் கத்துகிற சொல் ஒன்றுதான்: "மெதுவா! மெதுவா!" அதைக் கேட்டால் குதிரை அப்படியே நின்றுவிடும். நிற்கக் கற்றுக்கொடுத்தவர்கள் அங்கே இருந்தவர்கள்தான். அது நின்றதும் கழுத்தைத் தட்டிக்கொடுத்து ஒரு கேரட் துண்டும் கொடுப்பார்கள். நாளடைவில் அந்தச் சொல்லே அதன் பெயராகிவிட்டது.

பதினோரு வருடம் மெதுவாவோடு வேலை பார்த்தவள் அந்த மையத்தின் பிசியோதெரபிஸ்ட். அங்கே எல்லாருக்கும் அவள் பிசியோ. குதிரை நடக்கும்போது அதன் முதுகு அசைகிற விதமும் மனிதர் நடக்கும்போது இடுப்பு அசைகிற விதமும் ஏறக்குறைய ஒன்றுதான். நடந்தே பழகாத குழந்தையின் உடம்புக்கு அந்த அசைவு நடையைச் சொல்லிக்கொடுக்கும். அவள் குதிரையின் பக்கத்திலேயே நடப்பாள். ஒரு கை குழந்தையின் தொடைமேல், இன்னொரு கை முதுகுக்குப் பின்னால். பதினோரு வருடத்தில் எத்தனை குழந்தைகளை அப்படிப் பிடித்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

அவர்களில் ஒருத்திக்கு வாலு என்று பெயர் வைத்தது பிசியோதான். நான்கு வயதில் அம்மா இடுப்பில் உட்கார்ந்து வந்தாள். இரண்டு கால்களும் கத்தரிக்கோல்போலப் பின்னிக்கொள்ளும். ஆனால் வாய் மட்டும் ஒரு நிமிடம் ஓயாது. வீட்டில் நடந்தது, பள்ளியில் நடந்தது, நடக்காதது எல்லாவற்றையும் மெதுவாவின் பிடரியைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே வருவாள். ஒன்பதாவது வயதில் இரண்டு ஊன்றுகோல்களோடு லாயத்திலிருந்து வாசல்வரை தானே நடந்துபோனாள். அன்றைக்கு அவள் அம்மா குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மெதுவாவுக்கு இருபத்திரண்டு வயதானபோது ஒரு நாள் அதன் முன்னங்கால் மடங்கியது. மேலே இருந்த குழந்தை சரிந்தது. பிசியோ அள்ளிப் பிடித்துவிட்டாள், யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்றே அவள் எழுதிக் கொடுத்தாள்: இனி இந்தக் குதிரையின்மேல் குழந்தைகளை ஏற்றக் கூடாது. அவள் எழுதியது சரிதான். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அவளால் சரி என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை.

பத்து நாள் கழித்து நிர்வாகி கூப்பிட்டார்.

"வேலை செய்யாத குதிரையை வெச்சுக்க நமக்கு எங்க மேடம் இடம்? ஒரே ஒரு லாயம். புதுக் குதிரை வேற வருது. ஒருத்தர் கேட்டிருக்கார். ஏதோ ரிசார்ட்டாம், பெரிய புல்வெளியாம். அங்க ஹாயா மேஞ்சுட்டு இருக்கும்."

"நல்ல இடம்தானே சார்?"

"நல்ல இடம்தான்."

அந்த ஒரு கேள்வியோடு விட்டுவிட்டாள். வண்டி வந்த அன்று மெதுவா தயங்காமல் ஏறியது. யார் கயிற்றைப் பிடித்தாலும் பின்னால் போகிற குதிரை அது. முகவரியைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள், அடுத்த மாதம் போய்ப் பார்க்க வேண்டும் என்று. அடுத்த மாதம் மாமனாருக்கு அறுவை சிகிச்சை. அதற்கடுத்து மழை, வீட்டுக்குள் ஒழுக்கு. பிறகு புதுக் குதிரையைப் பழக்குகிற வேலை. குழந்தைகள் கேட்டால், "மெதுவா லீவுல இருக்கு" என்பாள். அவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். இரண்டு வருடம் அப்படிப் போய்விட்டது.

ஒரு சனிக்கிழமை காலை வாலு போன் செய்தாள். அவளுக்கு இப்போது பதினைந்து வயது. வேறு பள்ளி, வேறு மருத்துவர். எப்போதாவது கூப்பிட்டால் அரை மணி நேரம் பேசாமல் வைக்கமாட்டாள்.

"மிஸ், மெதுவா எங்க இருக்கு?"

"அதான் சொன்னேனேடி. ஒரு ரிசார்ட்ல, புல்வெளியில..."

"பொய்."

"என்னடி சொல்றே?"

"நேத்து ஸ்கூல்ல ஏரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க சவாரி போற குதிரைங்க இருந்துச்சு. அதுல ஒண்ணு மெதுவா."

"வேற குதிரையா இருக்கும்மா. பழுப்புக் குதிரை எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்."

"எனக்குத் தெரியாதா மிஸ்? அது கழுத்தைப் பிடிச்சுக்கிட்டுதானே நான் அஞ்சு வருஷம் உக்காந்திருந்தேன்? எலும்பெல்லாம் தெரியுது. மேல ரெண்டு பேர் உக்காந்திருந்தாங்க. நான் 'மெதுவா'ன்னு கத்தினேன். உடனே நின்னுடுச்சு. என் பக்கம் திரும்பிப் பாத்துச்சு. பக்கத்துல நடந்தவர் குச்சியால அடிச்சார். நான் மறுபடியும் கூப்பிட்டேன். மறுபடியும் நின்னுச்சு. மறுபடியும் அடிச்சார். அப்பதான் எனக்குப் புரிஞ்சது, நான் கூப்பிடக் கூப்பிடத்தான் அது அடி வாங்குதுன்னு. அதோட வாயை மூடிக்கிட்டேன்."

அவளை வாயை மூடச் சொல்லிச் சலித்தவர்கள் எத்தனையோ பேர். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளே மூடிக்கொண்டிருக்கிறாள்.

"மிஸ், நீங்க அதைப் போய்ப் பாத்தீங்களா? ஒரு தடவையாவது?"

"மாமனாருக்கு ஆபரேஷன், அப்புறம் மழை..." என்று ஆரம்பித்தாள் பிசியோ. அவள் முடிக்கும் முன்பே வாலு போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஏரிக்கரையில் நல்ல கூட்டம். பலூன்காரர், ஐஸ்கிரீம் வண்டி, படகுக்கு வரிசை. கரையோரத்துத் தார்ச்சாலையில் மூன்று குதிரைகள் போவதும் வருவதுமாக இருந்தன. மூன்றாவதாக வந்தது மெதுவா. விலா எலும்புகளை எண்ணிவிடலாம்போல இருந்தது. ஒரு கண்ணில் பால்போல வெள்ளை படர்ந்திருந்தது. முன்னங்கால்களைச் சூட்டில் வைப்பதுபோல வைத்து வைத்து எடுத்தது. இத்தனை வருடம் பிள்ளைகளின் நடையைப் பார்த்தே பிழைத்தவள் அவள். ஒவ்வோர் அடியிலும் என்ன வலி என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மேலே ஒரு தடித்த மனிதரும் அவர் மடியில் குழந்தையும் இருந்தார்கள். குழந்தை வீரிட்டது. அவர் சிரித்துக்கொண்டே, "ஏம்ப்பா, மெதுவாப் போகச் சொல்லு, மெதுவா!" என்றார். குதிரை சட்டென்று நின்றது. கயிற்றைப் பிடித்திருந்தவரின் குச்சி அதன் தொடையில் விழுந்தது.

பிசியோ குறுக்கே போய் நின்றாள். "அடிக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

குதிரைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம், காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. சவாரிக்காரரை இறக்கிவிட்டுத் திரும்பியவர் கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் அலுத்துக்கொண்டார்.

"நீங்களே பாத்தீங்கல்ல மேடம்? முரட்டுக் குதிரை இல்ல, சாதுதான். ஆனா இந்த ஒரு முரண்டு இருக்கு. யாராவது மெதுவா மெதுவான்னு கத்துனா பொசுக்குனு நின்னுடுது. மேல ஏறுறவங்க எல்லாருமே அதைத்தான் கத்துறாங்க! நாள் முழுக்க நான் இதோட மல்லுக்கட்ட வேண்டியிருக்கு."

"அது முரண்டு இல்லைங்க" என்றாள் அவள். "அதோட பேரே மெதுவாதான். நிக்கச் சொல்லிக் குடுத்ததே நாங்கதான். மேல இருக்கற பிள்ளை பயந்தா நிக்கணும்னு."

அவர் கையிலிருந்த குச்சியைப் பார்த்தார். பிறகு குதிரையைப் பார்த்தார்.

"யாரும் சொல்லலையே மேடம்" என்றார்.

"என்ன வயசுன்னு சொன்னாங்க?"

"பதினாலுன்னாங்க."

"இருபத்தி நாலு."

"அடக் கடவுளே" என்றவர் கரையோரத் திண்டில் உட்கார்ந்துவிட்டார். அந்த ரிசார்ட்டை ஒரே வருடத்தில் மூடிவிட்டார்களாம். அங்கிருந்து ஒரு தரகரிடம், தரகரிடமிருந்து இவரிடம். புல்வெளியில் மேய்கிறது என்று நம்பியிருந்ததை அவள் சொன்னாள். "புல்வெளியா? தரகர்கிட்ட நான் போய் வாங்கறப்ப சிமெண்டுத் தரையில கட்டிப்போட்டிருந்தாங்க. அங்கிருந்து கொண்டுவந்ததே நல்லதுன்னு நினைச்சேன் மேடம். நிஜமாத்தான் சொல்றேன்."

குதிரையைக் கூட்டிக்கொண்டு போகிறேன், நீங்கள் கொடுத்த விலையைத் தந்துவிடுகிறேன் என்றாள். ஒரு வார்த்தை மறுக்கவில்லை அவர். இன்று ஞாயிற்றுக்கிழமை, நாளைக்கு வாருங்கள் என்று மட்டும் கேட்டார். இன்றைய வருமானத்தை நான் தருகிறேன், சேணத்தைக் கழற்றுங்கள் என்றாள். கழற்றியபோது அடியில் விரித்திருந்த சாக்கு முதுகுத் தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மெதுவா உடம்பைச் சிலிர்த்ததே தவிர, நகரவில்லை. அவள் நெற்றியில் கை வைத்ததும் அவள் தோளில் மூக்கை வைத்து ஒருமுறை முகர்ந்தது. அடையாளம் தெரிந்து முகர்ந்ததா, எல்லாரையும் அப்படித்தான் முகருமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அடையாளம் தெரியாமல் இருந்தால் தேவலை என்றுகூட நினைத்தாள்.

மையத்தில் அதை வைத்துக்கொள்ள நிர்வாகியிடம் போனில் இடம் கேட்டாள். "அனுதாபம் எனக்கும் இருக்கு மேடம். ஆனா நம்ம பொறுப்பு அன்னிக்கே முடிஞ்சுபோச்சு. கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சு."

"கையெழுத்துப் போட்டா முடிஞ்சுடுமா சார்?"

"வேற எதைப் போட்டா முடியும்?" என்றார் அவர். கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார்.

கடைசியில் அக்கா வீட்டுக்காரர்தான் கைகொடுத்தார். ஊருக்கு வெளியே அவருக்கு ஒரு நாற்றுப் பண்ணை. பச்சை வலை போட்ட கொட்டகை ஒன்று காலியாக இருந்தது.

"ஏம்மா, என் செடியை எல்லாம் மேஞ்சுடாதே?"

"நிக்கவே முடியல அத்தான்."

"அப்ப கூட்டிட்டு வா. நான் வேண்டாம்னா மட்டும் விட்டுடுவியா? உங்க அக்கா வேற பக்கத்துல நின்னு முறைக்கிறா."

கொட்டகையில் ஒரு முழ ஆழத்துக்கு ஆற்று மணலைக் கொட்டி வைத்திருந்தார் அத்தான். வண்டியிலிருந்து இறங்கி மணலில் கால் வைத்த மெதுவா, ஒரு காலை எடுத்தது, வைத்தது, மறு காலை எடுத்தது, வைத்தது. பிறகு முன்னங்கால்களை மடித்து, பெருமூச்சு விட்டுக்கொண்டு படுத்தது. அன்று சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் கால்நடை மருத்துவர் வந்தார். குறைவாகப் பேசுகிற பெண்மணி. குளம்புகளைத் தட்டிப் பார்த்து, கையோடு கொண்டுவந்த சின்ன இயந்திரத்தில் படமெடுத்து, அதைப் பிசியோவிடம் காட்டினார்.

"குளம்புக்குள்ள இருக்கிற எலும்பு பிடிமானம் விட்டுக் கீழே இறங்கிடுச்சு. ரெண்டு முன்னங்கால்லயும். நகக்கண்ணுக்குள்ள ஊசி ஏறினா எப்படி இருக்கும்? அந்த மாதிரி வலியோடதான் இவ்வளவு நாள் தார் ரோட்டுல நடந்திருக்கு."

"சரியாக்க முடியுமா டாக்டர்?"

"வலியைக் கொஞ்சம் குறைக்கலாம்."

பிசியோ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பண்ணையே கதி என்று கிடந்தாள். பல் தேய்ந்த வாய்க்கு ஏற்றபடி கேரட்டைத் துருவி, தவிட்டோடு குழைத்து ஊட்டினாள். முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டாள். குளம்புகளுக்குக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றினாள். மூன்றாம் நாள் அது தானாக எழுந்து நான்கு அடி நடந்தது. அவள் அக்காவுக்கு போன் போட்டுச் சொன்னாள், குழந்தை முதலடி வைத்ததைச் சொல்வதுபோல. நான்காம் நாள் எழவில்லை. ஐந்தாம் நாள் தவிட்டையும் தொடவில்லை. வியர்வையில் உடம்பு நனைந்து, வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு மருந்து, இன்னொரு ஊசி, ஒரு மாதம் பார்ப்போம் டாக்டர் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். எட்டாம் நாள் மருத்துவர் கையைக் கழுவிவிட்டு அவள் பக்கத்தில் மணலிலேயே உட்கார்ந்தார்.

"கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு சொல்றேன். ரெண்டு வருஷத்தை ஒரு மாசத்துல சரிக்கட்டப் பாக்கறீங்க. உங்க மனசு ஆறணும்கிறது எனக்குப் புரியுது. ஆனா அதுவரைக்கும் இது வலியைத் தாங்கிட்டுக் கிடக்கணுமா?"

பிசியோ முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை மருத்துவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்குக் காலையில" என்றாள் பிசியோ கடைசியில். "ஒருத்தி வரணும். அவகிட்ட சொல்லாம முடியாது."

வாலு அம்மாவோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஊன்றுகோல் மணலில் புதைந்தது. பிடிக்கப்போன பிசியோவின் கையை அவள் விலக்கினாள்.

"நீங்க ஒரு தடவை போய்ப் பாத்திருந்தா இப்படி ஆகியிருக்காதுல்ல?"

"ஆகியிருக்காது."

"அப்புறம் ஏன் போகல?"

பிசியோ பொய் தேடவில்லை. "அது நல்லா இருக்குன்னு நம்பிக்கிட்டா போக வேண்டியதில்லையே. அதனாலதான்மா."

வாலு அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு திரும்பி, ஊன்றுகோல்களை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, குதிரையின் தலைமாட்டில் சிரமப்பட்டு உட்கார்ந்தாள். அதன் முகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். புதுப் பள்ளிக்கூடம், கணக்கு வாத்தியார், பக்கத்து பெஞ்சுக்காரி, மாடிப்படியில் விழுந்தது, விழுந்து தானே எழுந்தது. ஆறு வருடக் கதையை மூச்சுவிடாமல் சொன்னாள். பெயரை மட்டும் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

"ஏன்டி, கூப்பிடலையா?" என்று கேட்டாள் அவள் அம்மா.

"கூப்பிட்டா எழுந்திரிக்கப் பாக்கும்மா."

மருத்துவர் ஊசியைத் தயார் செய்துகொண்டிருந்தபோது வேலிக்கு வெளியே யாரோ நிற்பதை அத்தான் கவனித்தார். ஏரிக்கரைக் குதிரைக்காரர். இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார். சேதி சொன்னது பிசியோதான். சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் சொன்னாளே ஒழிய, வருவார் என்று எதிர்பார்க்கவில்லை. வாலு நிமிர்ந்து பார்த்தாள். அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"அவர் உள்ள வரக் கூடாது" என்றாள்.

அவருக்கும் அது கேட்டது. தலையாட்டிவிட்டு அங்கேயே நின்றார், செருப்பைக் கழற்றிவிட்டு.

முதல் ஊசி தூங்குவதற்கு. கொஞ்ச நேரத்தில் மெதுவாவின் கழுத்து தளர்ந்தது. பல நாளாக ஒரு பக்கம் சுருங்கியே இருந்த உதடு இறங்கி, முகம் சாதாரணமானது. வலியில்லாத முகம் எப்படி இருக்கும் என்பதைத் தான் மறந்துவிட்டிருந்தது அப்போதுதான் பிசியோவுக்கு உறைத்தது. இரண்டாவது ஊசி போட்டபோது அவள் ஒரு கையை அதன் நெஞ்சின்மேல் வைத்திருந்தாள். அந்தத் துடிப்பு நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை.

குழி தோண்டும் இயந்திரம் வேலியோரம் காத்திருந்தது. எல்லாம் முடிந்து மண் மூடுகிற நேரத்தில் குதிரைக்காரர் உள்ளே வந்து ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். யாரும் தடுக்கவில்லை. வாலு அவரைப் பார்க்காமல் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தாள். ஆட்டோ கிளம்பும்போது பிசியோ அருகில் போனாள். "வீட்டுக்குப் போயிட்டு போன் பண்ணுடா" என்றாள். வாரங்கள் போயின, வாலுவிடமிருந்து போன் வரவில்லை.

பிசியோ வேலைக்குத் திரும்பிய முதல் நாள் நிர்வாகியின் அறைக்குப் போனாள். புதுக் குதிரைக்கு வயதானால் என்ன செய்வோம் என்று இப்போதே எழுதி முடிவெடுக்கும்வரை அதன்மேல் ஒரு குழந்தையையும் ஏற்றமாட்டேன் என்றாள். நிர்வாகி முதலில் கோபப்பட்டார், பிறகு பேசிப் பார்த்தார். கடைசியில் மையத்துக்குப் பின்னாலிருந்த வாகன நிறுத்தத்தைப் பாதியாக்கி வயதான குதிரைக்கென்று இன்னொரு லாயம் கட்டச் சம்மதித்தார். கட்டி முடிக்க ஐந்து மாதமானது; முடியும்வரை அவள் குழந்தைகளை ஏற்றவில்லை. அதுவரை பெற்றோர்கள் அவளைத் திட்டினார்கள். அவர்கள் திட்டியதிலும் நியாயம் இருந்தது.

அந்த ஐந்து மாதத்துக்கு நடுவில் ஒரு நாள் குதிரைக்காரர் அழைத்தார். குரலில் தயக்கம்.

"மேடம், என்கிட்ட இன்னும் ஒரு பெட்டைக் குதிரை இருக்கு. முன்னங்காலை வைக்க யோசிக்குது. முன்னெல்லாம் சோம்பேறித்தனம்னு நினைச்சிருப்பேன். அந்த டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வர முடியுமா?"

புதன்கிழமை காலை, ஏரிக்கரையில் ஆளே இல்லாத நேரத்தில் மூவரும் அந்தக் குதிரையைச் சுற்றி நின்றார்கள். சின்னக் குதிரை, ஆறு வயதுதான். மருத்துவர் குளம்பைத் தன் தொடைமேல் தூக்கி வைத்துப் பார்த்தார்.

"ஆரம்பம்தான். மூணு மாசம் சேணம் போடாம, மெத்துன்னு இருக்கற தரையில விட்டீங்கன்னா தப்பிச்சிடும்."

"மூணு மாசமா?" குதிரைக்காரர் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். "அதுவரைக்கும் எங்க வீட்டுல நாலு பேர் என்ன சாப்பிடறது மேடம்?"

அத்தானிடம் கேட்டுப் பண்ணைக் கொட்டகைக்கு அதைக் கூட்டிவந்தார்கள். ஆறு வாரம் இருந்தது. அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. வந்து கூட்டிக்கொண்டு போனார். தார்ச்சாலையில் விடமாட்டேன், மண் பாதையில் மட்டும், ஒரு நேரத்துக்கு ஒரே ஆள் என்று அவராகவே சொன்னார்.

மாதத்துக்கு ஒரு தடவை, முதல் சனிக்கிழமை, பிசியோ பேருந்து ஏறி ஏரிக்கரைக்குப் போகிறாள். போனதும் குதிரைக்காரர் அந்தப் பெட்டைக் குதிரையை மண் பாதையில் அந்தக் கோடிவரை நடத்திக்கொண்டு போய்த் திரும்பக் கூட்டிவருகிறார். அவள் ஓரமாக நின்று அதன் கால்களையே பார்க்கிறாள்.